ஏலத்தில் எடுத்த ஜீப்

அந்த ஜீப்பை நான் முதலில் கண்டது ஒரு கடதாசியில். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளம் இருந்த காலத்தில், அங்கே சாமான் கந்தோர் ஒன்றில் ஏழு வருடம் தட்டெழுத்தாளராக இருந்தேன். தளத்தை விட்டு அவர்கள் போவது உறுதியானதும் கந்தோரில் மிஞ்சிய வேலை ஒன்றுதான். எதைக் கப்பலில் ஏற்றுவது, எதை விட்டுவிட்டுப் போவது, எதை ஏலத்தில் விற்பது என்று பட்டியல் அடிப்பது. கட்டில், கதிரை, கயிறு, நங்கூரம், குசினிச் சட்டி என்று காலையிலிருந்து பின்னேரம் வரை அடித்துக்கொண்டிருப்பேன். பட்டியல் முடியும் அன்றைக்கு என் வேலையும் முடியும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. பிழையில்லாமல் அடிக்கிறவள் என்று அந்தக் கந்தோரில் எனக்குப் பெயர் இருந்தது.

வாகனப் பட்டியலில் பதினோராவது வரியில் அது வந்தது. போர்க்காலத்து ஜீப், இடப்பக்க ஸ்டியரிங், நான்கு சில்லும் இழுக்கும், ஓடும் நிலையில் இல்லை. 'நான்கு சில்லும் இழுக்கும்' என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

என் கணவர் தெற்கே கடலோரத்தில் இருக்கும் இலங்கைத்துறைக்காரர். நாங்கள் திருகோணமலைப் பட்டினத்தில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம் என்றாலும், கிழமையில் பாதி நாள் அவர் ஊரில்தான் நிற்பார். அங்கே மீனை வாங்கி, உப்பிட்டுக் காயவைத்து, தோணியில் ஏற்றிக் கருவாடாகக் கொண்டுவந்து பட்டினத்துக் கடைகளுக்குப் போடுவார். நல்ல பாரையும் அறக்குளாவும் வெயிலில் காய்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு ஆற்றாமல் இருக்கும். பச்சை மீனாக ஐஸில் வைத்து அன்றைக்கே பட்டினத்துக்குக் கொண்டுவந்தால் வேறு கதை. ஆனால் தோணிக்குக் காற்று வாய்க்க வேண்டும். லொறி அந்த மணலில் அச்சுவரை புதைந்துவிடும். ஒருமுறை அப்படிப் புதைந்த லொறியை மாடு கட்டி இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அவரிடம் ஜீப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனக்கு வாகனம் ஓட்ட வராது என்றார். அது உண்மைதான். கல்யாணமான புதிதில் சிநேகிதர் ஒருவரின் காரை ஓட்டப் பார்த்து, யாரோ வீட்டு வேலிக்குள் விட்டவர்.

"அப்ப ஆர் ஓடுறது? நீர் ஓடுவீரோ?" என்று கேட்டார்.

"ஓடப் பழகுவன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஐஸ் பெட்டிக்கு இடம் இருக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு எங்கள் வீட்டில் விஷயம் முடிவாகிவிட்டது.

ஏலம் துறைமுகத்தை ஒட்டிய முற்றத்தில் நடந்தது. மன்னாரிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பெண் என்று நான் மட்டும்தான். வேலை நின்றபோது கிடைத்த தொகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றேன். பதினோராவது வந்ததும் கையைத் தூக்கினேன். ஏலம் கூறியவர் என்னைப் பார்த்துவிட்டு, என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"ஆருக்காகக் கேக்கிறீங்கள் அம்மா?"

"எனக்காகத்தான்."

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓடாத வண்டி என்பதால் எனக்கு எதிராகக் கேட்டவர் ஒருவர்தான். அவரும் கொஞ்சத்தில் விட்டுவிட்டார். சாம்பல் நிறப் பூச்சு உரிந்து, ஒரு ரயர் காற்றில்லாமல், இருக்கையில் பூனை படுத்த அடையாளத்தோடு அது எனக்கு வந்து சேர்ந்தது. இரண்டு மாடு பூட்டித்தான் வீட்டடிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க ஆட்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே முன்னுக்குப் பார்த்தபடி இருந்தேன்.

எஞ்சினைத் திறந்து பார்த்தவர் ஒரு சிங்கள பாஸ், அதாவது மெக்கானிக். தளத்தின் வாகனக் கராஜில் இருபது வருடம் வேலை செய்து, அதுவும் மூடியதால் தன் வீட்டுக் கொட்டிலில் சொந்தமாகத் தொடங்கியிருந்தவர். வாகனத்தைத் தன்னிடம் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். நான் ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அடுத்த நாள் காலை போய் நின்றேன். என்ன என்று கேட்டார். ஊரில் மணலுக்குள் நின்றுவிட்டால் உங்களைக் கூப்பிட ஏலாது, அதனால் நான் பார்க்க வேண்டும் என்றேன். முதல் கிழமை அவருக்கு அது பிடிக்கவில்லை. ஸ்பனரைக் கேட்டுவிட்டு, நான் எடுத்துக் கொடுக்கும் முன் தானே எடுத்துக்கொள்வார். இரண்டாவது கிழமை எட்டாம் நம்பர் எது, பத்தாம் நம்பர் எது என்று கேட்காமலே என் கையிலிருந்து வாங்கத் தொடங்கினார். அந்த மாதம் முடியும்போது எஞ்சினும் ஓடியது, பழைய அணிவகுப்புத் திடலில் நானும் ஓட்டப் பழகியிருந்தேன்.

பிறகுதான் சிக்கல் வந்தது. தெருவில் ஓட்டுவதற்குப் பதிவு செய்ய வேண்டும். வாகனப் பதிவுக் கந்தோரிலிருந்து வந்தவர் குனிந்து எஞ்சினில் அடித்திருந்த இலக்கத்தைப் பார்த்தார், ஏலக் கடதாசியைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். எஞ்சினில் கடைசி இலக்கம் மூன்று. கடதாசியில் எட்டு. இது வேறு வண்டியாக இருக்கலாம், இப்படிப் பதிய முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ் உள்ளே போய்ச் சுத்தியலும் ஒரு சின்ன உளியும் எடுத்துவந்தார்.

"நோனா, மூண்டை எட்டாக்கிறது ரெண்டு அடி வேலை. ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் பாஸ்" என்றேன்.

ஏலக் கடதாசி நான் அடித்த பட்டியலிலிருந்து எடுத்தது. எட்டு அடித்தவள் நான்தான். அது பாஸுக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் குசினியில் இருந்து நெடுநேரம் யோசித்தேன். உளியால் அடித்துவிட்டால் என் பிழை எஞ்சினில் ஏறிவிடும், பிறகு எந்த நாளும் அந்த மூடியைத் திறக்கும்போது அதைத்தான் பார்க்க வேண்டிவரும் என்று பட்டது. அடுத்த நாள் தளத்துக்குப் போனேன்.

எங்கள் கந்தோரில் மிச்சமாக இருந்தவர் ஒரே ஒரு வெள்ளைக்காரர், சாமான் பொறுப்பாளர். அலுமாரிகள் எல்லாம் போய்விட்டன. மரப்பெட்டிகளின் நடுவில் ஒரு கதிரையில் இருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் ஒரு பெட்டியின் ஆணியைக் கழற்றி, என் பட்டியலின் கார்பன் பிரதியையும், அதற்கு மூலமான கையெழுத்துக் குறிப்பையும் எடுத்தார். குறிப்பில் மூன்று தெளிவாக இருந்தது. என் பிரதியில் எட்டு. அடியில் என் பெயரின் முதலெழுத்துகள். என்னைப் பார்த்தார். பிழை என்னுடையது என்று சொன்னேன். ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று சேர்த்துச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

திருத்தக் கடிதம் ஒன்று தரலாம், ஆனால் அடிப்பதற்கு ஆள் இல்லையே என்றார். கப்பலுக்குக் கட்டி வைத்திருந்த தட்டெழுத்து இயந்திரத்தின் சாக்கை நானே அவிழ்த்தேன். மரப்பெட்டி ஒன்றின் மேல் அதை வைத்து, நின்றபடியே நாலு வரி அடித்தேன். இலக்கத்தை மூன்று தரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கந்தோரில் நான் அடித்த கடைசிக் கடிதம் அது. இரண்டு கிழமையில் ஜீப் என் பெயரில் பதிவாகியது.

கிண்ணியாவிலிருந்து தெற்கே போகும் தெருவில் அப்போது பாலங்கள் இல்லை. ஒவ்வோர் ஆற்றிலும் வாகனங்களை ஏற்றிக் கம்பி பிடித்து இழுத்துப் போகும் மிதவை. அதை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். விடியப் புறப்பட்டு, ஒவ்வொரு பாதைக்கும் காத்து நின்று கடந்து, இலங்கைத்துறைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகும். மீன் ஏற்றிக்கொண்டு பட்டினத்துக்குத் திரும்ப இருட்டிவிடும். முதல் பயணத்தில் என் மாமி, கணவரின் தாயார், வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். பொம்பிளை ஓட்டுகிற வண்டியில் தான் ஒருநாளும் ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஆனால் ஊரவர்கள் மீன் தந்தார்கள். ஆறு கூடையில் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் பதினெட்டுக் கூடையானது.

உப்புக் காற்றும் மணலும் சேர்ந்தால் இரும்பு எப்படிப் போகும் என்று கடற்கரையில் வாகனம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவேன். சனிக்கிழமைகளில் கீழே சாக்கு விரித்துப் படுத்துக் கிறீஸ் அடிப்பேன். ஞாயிறு பூசைக்குப் போகும்போது நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். கோயிலில் பக்கத்தில் இருக்கும் பெண்கள் அதைப் பார்ப்பார்கள். கைகூப்பும்போது விரல்களை மடக்கிக்கொள்வதை நான் ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் மணலுக்குள் இழுத்த இழுவையில் பின் சில்லைச் சுழற்றும் இரும்புத் தண்டு முறிந்தது. அதே மாதிரித் தண்டு கொழும்பிலும் கிடைக்கவில்லை. தம்பலகாமத்தில் ஒருவரின் வயலில் இதே இன ஜீப் ஒன்று கிடக்கிறது என்று பாஸ் கேள்விப்பட்டுச் சொன்னார். பஸ்ஸில் போனேன். வயல் வரம்பின் மேல் சில்லில்லாமல் கல்லில் நின்றது அது. சொந்தக்காரர் ஒரு கமக்காரர். யானை வந்தால் அதன் விளக்கைப் போட்டு, கோர்னை அடித்துக் கலைப்பதற்காக வாங்கி நிறுத்தியிருந்தார். பிரித்துக் கொடுக்க மனமில்லை.

"கோர்ன் இல்லாட்டி யானை வயலை விடாது தங்கச்சி" என்றார்.

கோர்ன் எனக்கு வேண்டாம், அடியில் இருக்கும் ஒரு தண்டு மட்டும் போதும் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, கோர்ன் இப்போது ஒரு மாதமாகச் சத்தம் போடுவதில்லை என்ற உண்மையைச் சொன்னார். யானைக்கு அது இன்னும் தெரியாதாம். நான் அதைக் கழற்றி, உள்ளே பிடித்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, கம்பியை மாற்றிக் கட்டினேன். அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அது போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் நின்ற எருமைகள் கலைந்து ஓடின. அவற்றைத் திருப்பிக் கொண்டுவர ஒரு மணித்தியாலம் சென்றது. எருமைகளோடு திரும்பி வந்த கமக்காரர் தண்டைத் தானே கழற்றித் தந்ததோடு, சோறும் போட்டு அனுப்பினார்.

இப்படியெல்லாம் காத்த வண்டியை என் அசட்டையாலேயே ஒருநாள் தண்ணீரில் விட்டேன்.

இலங்கைத்துறையை விட்டு வெளியேறும் இடத்தில், முகத்துவாரத்துப் பக்கமாக, ஒரு சின்ன உப்புநீர்க் களப்பைக் கடக்க வேண்டும். அங்கே அரசாங்கப் பாதை கிடையாது. இரண்டு தோணிகளை இணைத்து மேலே பலகை அடித்த தெப்பம் ஒன்றை ஊரவர்களே வைத்திருந்தார்கள். தெப்பத்தில் ஏற்றியதும் கியரில் போட்டு, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுக்குக் கீழே கல் வைக்க வேண்டும். கைப்பிறேக் இரண்டு கிழமையாகச் சரியாகப் பிடிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை, வருகிற சனிக்கிழமை என்று தள்ளிக்கொண்டு வந்தேன். அன்று வெயில் கடுமை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அவசரத்தில் கல் வைக்கவில்லை. கியரில் போட்டதாக நினைத்தேன், விழவில்லை.

நான் இறங்கி ஓரத்தில் நின்றேன். கணவர் முன்னால் நின்று மற்றவர்களோடு கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். நடுவில் தெப்பம் ஒரு மணல்திட்டில் முட்டியது. ஒரு சின்னக் குலுக்கல்தான். ஜீப் பின்னுக்கு உருண்டது, மெதுவாக, யாரோ தள்ளிக்கொண்டு போவது போல. பாரத்தில் தெப்பம் ஒரு பக்கம் சரிந்தது. நான் கதவில்லாத அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரு பெண் பிடித்தால் நிற்கிற பாரமா அது. பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கி, மார்பளவு ஆழத்தில் போய் நின்றது. பதினெட்டுக் கூடையும் மிதந்து எழுந்தன. வற்று நீர் இழுத்துக்கொண்டிருந்த நேரம். மீன் முழுவதும் வந்த கடலுக்கே திரும்பிப் போனது.

யாருக்கும் காயமில்லை. கரையில் ஊர் கூடிவிட்டது. அவர்கள் விடிய விடிய உழைத்த மீன். தெப்பத்தைப் பற்றி ஒருவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், பலகை வழுக்கல் என்று. என் கணவரும் ஓம் பலகை வழுக்கல்தான் என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்.

"பலகை இல்லை" என்றேன். "பிறேக் பழுது எண்டு எனக்குத் தெரியும். கல்லும் வைக்கேல்லை. பிழை என்ர."

எனக்கு அழவேண்டும் போல இருந்தது. ஆனால் உப்புத்தண்ணீர் எஞ்சினுக்குள் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் இரும்பைத் தின்னும் என்பது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அழுவதற்கு நேரமில்லை. கரைவலைக் கயிறு தருவீர்களா என்று கேட்டேன்.

கயிறு கட்டுவதற்கு என் கணவர் மூழ்கினார். மூன்று தரம் மூழ்கி எழுந்தார். ஆண்கள் இருபது பேர் வலை இழுப்பது போலவே வரிசையில் நின்று, அதே இழுவைப் பாட்டைச் சொல்லி இழுத்தார்கள். ஜீப் ஒவ்வொரு ஓட்டையாலும் தண்ணீர் வடிய, சேறும் பாசியுமாக மணலில் ஏறியது.

பட்டினத்துக்கு ஆளனுப்பி பாஸைக் கூட்டிவர இரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருந்தால் எஞ்சின் இறுகிவிடும். நானே செய்வது என்று தீர்மானித்தேன். எண்ணெய் முழுவதையும் இறக்கினேன். பால் நிறத்தில் வந்தது. கணவரைத் தோணியில் மூதூருக்கு அனுப்பிப் புது எண்ணெய் வாங்கச் சொன்னேன். எஞ்சினின் பொறி தரும் முளைகளைக் கழற்றிவிட்டு முன்னால் கைப்பிடி போட்டுச் சுழற்றியபோது, நாலு துவாரத்தாலும் தண்ணீர் பீறிட்டது. இனி நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். கொஞ்சத் தண்ணீர் போதாது, குடம் குடமாக வேண்டும். கிணறு தள்ளி இருந்தது. நான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

எதிரே மாமி வந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

"எந்தப் பக்கத்தால ஊத்திறது எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

அவருக்குப் பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள். அன்று பொழுது படும் வரை அவர்கள் தண்ணீர் கொண்டுவர, நான் ஊற்றிச் சுழற்றி, ஊற்றிச் சுழற்றி, வெளியே வரும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரிக்காமல் போன பிறகுதான் நிறுத்தினேன். அதன் பிறகு வீட்டுக்கு வீடு விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி உள்ளே விட்டேன். அடுத்த நாள் சில்லுகளைக் கழற்றினேன், பெட்டிகளைத் திறந்தேன், எண்ணெய் உள்ள இடமெல்லாம் இறக்கி மாற்றினேன். டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் பிரித்துக் கருவாட்டுப் பாயில் வெயிலுக்கு வைத்தேன். காகம் வராமல் மாமி ஒரு கம்போடு பக்கத்தில் இருந்தார். வெளி இரும்புக்கெல்லாம் தேங்காயெண்ணெய் பூசினோம். இரவு படுத்தபோது கை இரண்டும் தூக்க முடியாமல் வலித்தது.

மூன்றாம் நாள் காலை எல்லாவற்றையும் பூட்டினேன். மிஞ்சியது ஒரு ஆணி. எங்கே போக வேண்டியது என்று தெரியவில்லை. கணவர் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினார். ஒன்றுமில்லை. பத்துத் தரம், பதினைந்து தரம். ஊரவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையத் தொடங்கினார்கள். பொறி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மின்சாரம் பிரியும் இடத்தில் இரண்டு சின்ன முனைகள் தொட்டுத் தொட்டு விலகும். அவற்றின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. தேய்ப்பதற்கு அரத்தாள் இல்லை. நெருப்புப்பெட்டியின் மருந்துப் பக்கத்தைக் கிழித்து அதால் தேய்த்தேன். மறுபடி சுழற்றச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் ஒரு வெடி, கறுப்புப் புகை, பிறகு நொண்டி நொண்டி ஓர் ஓட்டம். காலை எடுக்காமல் பெற்றோல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மெதுமெதுவாகச் சத்தம் சீரானது.

கணவர் கைப்பிடியை மணலில் போட்டுவிட்டு, வியர்வையில் நனைந்த சாரத்தோடு வந்து பக்கத்து இருக்கையில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு இரண்டு நாளாக அடக்கிவைத்த அழுகை வந்தது.

அடுத்த கிழமை நான் திரும்பி வந்தபோது எனக்குத் தரப்பட்டது ஏழு கூடை. மற்றவர்கள் கருவாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கைப்பிறேக்குக்குப் புதுக் கம்பி போட்டதையும், நாலு மரக்கட்டை செதுக்கி வண்டியிலேயே கட்டி வைத்ததையும் கேட்டவர்களுக்குக் காட்டினேன். ஏழு ஒன்பதானது. மாரி தொடங்குவதற்குள் பதினெட்டும் வந்துவிட்டது. வண்டியில் இன்னும் ஒரு கூடைக்கு இடம் இருக்கும்போதும் மாமி ஏறவில்லை. தான் சொன்ன சொல் சொன்னதுதான் என்றார்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் அந்த ஜீப்பை ஓட்டினேன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத வருடங்கள் நடுவில் வந்தன. ரயருக்கு மேல் ரயர் ஒட்டினேன், பிறேக்குக்கு லொறியின் பட்டையை வெட்டிப் பொருத்தினேன், இருக்கைக்குத் தோணியின் கிழிந்த பாய்த்துணியைத் தைத்தேன். கடைசியில் அடிச்சட்டமே பிளந்தது. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், வெறும் வண்டியாக ஏறும்போது. பாஸ் வந்து கீழே குனிந்து பார்த்துவிட்டு, இதற்கு மேல் ஒட்டுவதற்கு இரும்பு இல்லை என்றார். அவர் சொன்னால் சரி. அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அடுத்த நாள் காலை இரண்டு பேருமாக, நான்கு சில்லும் இழுக்கும் ஒரு பழைய லொறி பார்க்கப் போனோம்.